கொலம்பியாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்

2003 பெப்ரவரி 1, சனிக்கிழமை. நெடுங்கேணியில் எங்கள் வீட்டு மணிக்கூட்டில் இரவு ஒன்பதேகால். கொழும்பில் அப்போது ஒன்பதே முக்கால். 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளியபோது வன்னி தள்ளவில்லை. 2006இல் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. எங்களுக்கு நேரம் என்றால் அது பி.பி.சி. தமிழோசை தொடங்கும் நேரம்தான்.

அன்றைக்கு மாமா வழமைபோல ரேடியோவை முற்றத்துக் கதிரையில் வைத்து ஏரியலை இழுத்துவிட்டார். அம்மாவின் தம்பி அவர். நெடுங்கேணிச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கொட்டிலில் ரேடியோ, ரேப் றெக்கோடர் திருத்திக்கொண்டிருந்தவர். யுத்த நிறுத்தம் வந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. கடைகளில் பற்றரி தாராளமாகக் கிடைத்தது. அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது சைக்கிளை நிறுத்தி, பின் சில்லைச் சுழலவிட்டு, டைனமோவில் இருந்து வயர் இழுத்துச் செய்தி கேட்டோம். பெடல் மிதிப்பது பிள்ளைகளின் வேலை. வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிப்போகும், பெரியவர்கள் அதட்டுவார்கள்.

அன்றைய முதல் செய்தி கொலம்பியா விண்ணோடம் டெக்சாஸ் வானில் உடைந்து சிதறியது. அதில் இருந்த ஏழு பேரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா. எனக்கு வயது பன்னிரண்டு, தரம் 7. கல்பனாவின் படத்தை ஏதோ ஒரு இந்தியச் சஞ்சிகையில் இருந்து வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தேன். அம்மா கண்ணைத் துடைத்தார். மாமா மட்டும் வேறொன்று கேட்டார். அவர்களிடம் வேறு ரேடியோ இருக்கவில்லையா என்று.

எனக்கு அது அப்போது கல்நெஞ்சக்காரனின் கேள்வியாகப் பட்டது. பிறகு ஊடகக் கற்கை படித்து, செய்தி எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்ட பிறகுதான், அந்த இரவைப் பற்றிக் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்விகளில் அது ஒன்று என்று விளங்கியது. கல்பனாவின் வாழ்க்கையை அந்தக் கேள்வியின் பக்கத்தில் இருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

*

கல்பனா ஹரியானாவில் உள்ள கர்னால் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். அவர் பிறந்தபோது ஹரியானா என்று ஒரு மாநிலமே இல்லை. அது பஞ்சாபின் பகுதி. அதிகாரபூர்வப் பிறந்த தேதி 1961 ஜூலை 1. குடும்பத்தார் சொல்லும் தேதி 1962 மார்ச் 17. பரீட்சைக்கு வயது போதாமல் கூட்டிப் பதிந்த கதைதான், எங்கள் ஊரிலும் எத்தனையோ பேரின் கதை.

தந்தை பனாரசி லால் சாவ்லாவின் குடும்பம் இந்தியப் பிரிவினையின்போது இப்போதைய பாகிஸ்தானில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது. கர்னாலில் அவர்கள் இடம்பெயர்ந்தவர்கள். தந்தை சின்னச் சின்ன வேலைகள் பார்த்து, பிறகு ரயர் தயாரிக்கும் தொழிலில் ஊன்றிக்கொண்டார். விண்வெளிக்குப் போன பெண் என்று கல்பனாவைக் கொண்டாடும் கட்டுரைகளில் இந்தப் பகுதி ஒரு வரியோடு போய்விடும். 1997இல் நெடுங்கேணியை விட்டு ஓடி, புதுக்குடியிருப்பில் தறப்பாள் கொட்டிலுக்குள் ஐந்து வருசம் இருந்த குடும்பத்துப் பிள்ளையான எனக்கு, அந்த ஒரு வரியை அப்படித் தாண்ட முடியவில்லை.

வீட்டில் அவரை மோன்ட்டு என்று கூப்பிட்டார்கள். நான்கு பிள்ளைகளில் கடைசி. தாகூர் பால் நிகேதன் பாடசாலையில் சேர்க்கப் போன அன்று தன் பெயரைத் தானே தெரிவுசெய்தார் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். கர்னாலில் ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருந்தது. மொட்டைமாடியில் படுத்திருந்தால் தலைக்கு மேலால் சின்ன விமானங்கள் போகும். எங்களுக்கும் விமானம் தலைக்கு மேலால் போனது. அது வேறு வகை விமானம். சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்குவோம்.

பாடசாலை முடித்து, சண்டிகரில் இருந்த பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் வானூர்திப் பொறியியலைத் தெரிவுசெய்தார். பெண் பிள்ளைக்கு வேறு துறை நல்லது என்று அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள், அவர் மாறவில்லை. 1982இல் பட்டம். அமெரிக்கா போய் 1984இல் ஆர்லிங்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதுமாணி, 1988இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். இடையில் 1983இல் விமானப் பயிற்றுநரான ஜோன் பியர் ஹாரிசனைத் திருமணம் செய்தார். விமானம் ஓட்டுவதற்கும் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கும் அனுமதிப்பத்திரம் பெற்றார். ஒற்றை எஞ்சின், இரட்டை எஞ்சின், நீரில் இறங்கும் விமானம், எஞ்சினே இல்லாத கிளைடர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

1983இன் கடைசியில் இன்னொன்று நடந்தது. கொலம்பியா விண்ணோடம் எஸ்.டி.எஸ்.-9 என்ற பயணத்தில் இருந்தபோது, ஓவன் கேரியட் என்ற விண்வெளி வீரர் கையடக்க ரேடியோ ஒன்றை எடுத்து, ஏரியலை ஜன்னலில் பொருத்தி, பூமியில் இருந்த அமெச்சூர் வானொலிக்காரர்களோடு பேசினார். நாங்கள் ஹாம் வானொலி என்று சொல்வது அதைத்தான். அவரோடு பேசியவர்கள் சுமார் 250 பேர். அதில் ஜோர்தான் மன்னர் ஹுசைனும் ஒருவர். கோடிக்கணக்கான டொலர் செலவில் கட்டிய தொடர்பு வலையமைப்பு ஒரு பக்கம் இருக்க, கைக்குள் அடங்கும் ஒரு பெட்டியாலும் விண்வெளியில் இருந்து வீட்டு முற்றத்துக்குப் பேசலாம் என்று அன்று தெரிந்தது. அப்போது கல்பனா அதே டெக்சாஸில் மாணவி. பின்னாளில் அவரும் ஹாம் அனுமதிப்பத்திரம் எடுத்தார். அவருடைய அழைப்புக்குறி கே.டி.5.இ.எஸ்.ஐ. அவருடைய கடைசிப் பயணத்தில் கூட வந்த டேவிட் பிரவுன், லோரல் கிளார்க் இருவரிடமும் அந்த அனுமதி இருந்தது. ஏழு பேரில் மூன்று பேர் ஹாம் வானொலிக்காரர்கள். மாமாவுக்கு இது தெரிந்திருந்தால் மிகவும் பிடித்திருக்கும்.

*

1988இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் வேலை. செங்குத்தாக எழும்பும் விமானங்களைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் கணிப்பது அவருடைய ஆய்வு. 1993இல் கலிபோர்னியாவில் ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்துக்குத் துணைத் தலைவராகப் போனார். 1994 டிசெம்பரில் விண்வெளி வீராங்கனையாகத் தெரிவுசெய்யப்பட்டார்.

முதல் பயணம் 1997 நவம்பர் 19. ஏறியது கொலம்பியாவில். நாங்கள் அந்த வருசத்து மழைக்குள் புதுக்குடியிருப்பில் கொட்டில் போட்டுக்கொண்டிருந்தோம். இந்தியாவில் பிறந்த பெண் ஒருவர் விண்வெளிக்குப் போவது அதுதான் முதல் தடவை. அவருக்கு முன் 1984இல் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் போய்வந்திருந்தார். சர்மா இந்திரா காந்தியோடு பேசியதுபோல, கல்பனா விண்ணோடத்தில் இருந்து அப்போதைய பிரதமர் ஐ.கே. குஜ்ராலோடு பேசினார்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒரு பிழை நீண்ட காலம் அவரைத் துரத்தியது. சூரியனைப் படம்பிடிக்கும் ஸ்பார்ட்டன் என்ற செய்மதியை விண்ணோடத்தின் இயந்திரக் கையால் எடுத்து வெளியே விடுவது அவருடைய பொறுப்பு. நவம்பர் 21இல் விட்டார். விட்ட பிறகு செய்மதி செய்யவேண்டிய அசைவைச் செய்யவில்லை. திரும்பப் பிடிக்கப் போனபோது சரியாகப் பிடிபடவில்லை. கையைப் பின்னுக்கு எடுக்கையில் செய்மதி மெல்லச் சுழலத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து வின்ஸ்டன் ஸ்கொட், தக்காவோ டோய் இருவரும் வெளியே போய், ஒரு தொன்னுக்கு மேல் எடையுள்ள அந்தப் பெட்டியைக் கைகளாலேயே பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். பத்திரிகைகள் கல்பனாவின் பெயரை எழுதின. நாசா மாதக்கணக்காக விசாரித்தது. மென்பொருளின் அமைப்பிலும், விண்ணோடத்தில் இருந்தவர்களுக்கும் தரையில் இருந்தவர்களுக்கும் வகுத்துக் கொடுத்த நடைமுறைகளிலும் இருந்த குறைகள்தான் காரணம் என்று முடிவாகி, அவர் விடுவிக்கப்பட்டார். முதல் செய்தியில் வந்த பெயர் எல்லோருக்கும் நினைவிருந்தது. விசாரணை முடிவு அவ்வளவு தூரம் போகவில்லை. என் தொழில் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப்பார்க்கலாம்.

இரண்டாவது வாய்ப்பு 2000ஆம் ஆண்டு கிடைத்தது. எஸ்.டி.எஸ்.-107, மறுபடியும் கொலம்பியா. தாமதமாகித் தாமதமாகி 2003 ஜனவரி 16இல்தான் புறப்பட்டது. பதினாறு நாட்கள், ஏறத்தாழ எண்பது பரிசோதனைகள். இரண்டு குழுவாகப் பிரிந்து இரவு பகல் என்று இல்லாமல் வேலை செய்தார்கள். அவுஸ்திரேலிய மாணவர்களின் சிலந்திகள், சீன மாணவர்களின் பட்டுப்புழுக்கள், எறும்புகள், தேனீக்கள் எல்லாம் கூடப் போயிருந்தன. வேறொரு பரிசோதனைக்காக ஏற்றிய நுண்புழுக்கள் சில, சிதறிய துண்டுகளுக்குள் இருந்து பின்னர் உயிரோடு எடுக்கப்பட்டன.

*

இனி மாமாவின் கேள்வி.

மனிதர் போகும் கலத்தில் ரேடியோ ஒன்றாக இருந்ததே இல்லை. 1961இல் ககாரின் போன வொஸ்டொக்கிலேயே மூன்று வழி இருந்தது. தலைக்கு மேலால் போகும்போது பேச 143.625 மெகா ஹேர்ட்ஸில் ஒன்று. அடிவானத்துக்கு அப்பால் போனபின் பேச 9.019, 20.006 மெகா ஹேர்ட்ஸ்களில் இரண்டு. பின்னவை குறுகிய சிற்றலைகள், எங்கள் வீட்டு ரேடியோவில் தமிழோசை வந்த அதே சாதி. வான்வெளியில் அயன் மண்டலத்தில் பட்டுத் தெறித்துத் தூரம் போகும், ஆனால் நம்ப முடியாது. ஒரு நாள் தெளிவாக இருக்கும், இன்னொரு நாள் இரைச்சல். மற்றது தெளிவாக இருக்கும், ஆனால் நேர்கோட்டில் தெரிந்தால்தான் கேட்கும். ஒன்றின் பலவீனம் மற்றதன் பலம். மாற்று என்றால் அதேபோல இன்னொன்று வாங்கி வைப்பது இல்லை, வேறு விதமாகப் பழுதாகும் ஒன்றை வைப்பது. மாமாவின் கொட்டிலிலும் அதே ஏற்பாடுதான். ஒரு கம்பியில் கார் பற்றரி, மற்றக் கம்பியில் சைக்கிள் டைனமோ. இரண்டு கார் பற்றரி வைத்தால் இரண்டும் ஒரே நாளில் செத்துப்போகும் என்பது அவருடைய கணக்கு.

கொலம்பியாவிலும் அப்படித்தான். முதன்மை வழி எஸ்-பாண்ட் ரேடியோ. அதற்குள்ளேயே ஒன்று பழுதானால் மற்றதற்கு மாற இரண்டு தொகுதிகள். அது பெரும்பாலும் பூமிக்கு நேராகப் பேசுவதில்லை. மேலே, 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலையாக நிற்கும் அஞ்சல் செய்மதிகளுக்குப் பேசும், அவை தரைக்கு அனுப்பும். பூமியின் சுழற்சியோடு சேர்ந்து நிற்கும் செய்மதிகளால் உலகம் முழுவதற்கும் தகவல் அஞ்சல் செய்யலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் கொழும்பில் குடியேறி, 2008இல் அங்கேயே இறந்தவர். இந்தச் செய்மதிகள் வரும் முன்னர், தரை நிலையங்கள் தெரியும் சொற்ப நேரம் மட்டுமே விண்ணோடத்தோடு பேச முடிந்தது.

இரண்டாவது, படமும் தரவும் வேகமாக அனுப்பும் கே.யூ-பாண்ட். அதன் தட்டு ஏரியல் சரக்குப் பகுதிக்குள் இருந்தது. திரும்பி வரும்போது அதை மடித்துக் கதவை மூடிவிடுவார்கள். ஆகவே ஆபத்தான நேரத்தில் அது இல்லை. மூன்றாவது யூ.எச்.எப். இது பழைய விமான ரேடியோவின் சகோதரம். 259.7 மெகா ஹேர்ட்ஸ் முதன்மை, 296.8 அடுத்தது, விமானங்கள் எல்லாம் அவசரத்துக்குக் காது கொடுக்கும் 243.0 இன்னொன்று. செய்மதி எதுவும் தேவையில்லை. தரையிறங்கும் இடத்தோடு நேராகப் பேசலாம். வெளியே நடப்பவர்களோடு பேசுவதும் யூ.எச்.எப்.பில்தான். இவை எல்லாவற்றுக்கும் பிறகு, ஒவ்வொருவரும் அணியும் செம்மஞ்சள் நிற உடையின் கால் பையில் ஒரு கையடக்க உயிர்காப்பு ரேடியோ, கடலில் குதித்தால் தேடி வருபவர்களைக் கூப்பிட.

ஆக இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன.

*

2003 பெப்ரவரி 1, எங்கள் நேரப்படி மாலை ஆறே முக்கால். நெடுங்கேணியில் விளக்கு வைக்கும் நேரம். அப்போது கொலம்பியா இந்து சமுத்திரத்துக்கு மேலே இருந்தது. அங்கேதான் வேகத்தைக் குறைக்கும் எஞ்சின்களை எரித்துப் பூமிக்குத் திரும்பும் பாதையில் இறங்கியது. நாங்கள் கால் கழுவிவிட்டுத் தேவாரம் படிக்க உட்கார்ந்திருப்போம்.

கல்பனா மேல் தளத்தில், தளபதி ரிக் ஹஸ்பண்ட், விமானி வில்லியம் மெக்கூல் இருவருக்கும் பின்னால், நடுவில் இருந்தார். அவர் அந்தப் பயணத்தின் பறப்புப் பொறியியலாளர். திரையில் வரும் எச்சரிக்கைகளையும் செய்யவேண்டிய படிமுறைகளையும் பார்த்து முன்னால் இருப்பவர்களுக்குச் சொல்வது அந்த இருக்கையின் வேலை. லோரல் கிளார்க் எடுத்துக்கொண்டிருந்த வீடியோ நாடாவின் ஒரு பகுதி எரியாமல் கிடைத்தது. கையுறை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒளி மாறுவதைப் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. நான் அதை ஒரு தடவைதான் பார்த்தேன்.

இடது செட்டையில் ஓட்டை இருந்தது. புறப்பட்டு 82 செக்கனில் எரிபொருள் தாங்கியில் இருந்து பிரிந்த ஒரு துண்டு நுரை, முக்கால் கிலோ அளவுதான், செட்டையின் முன் விளிம்பில் அடித்திருந்தது. அந்த ஓட்டை வழியாக இப்போது வெப்ப வாயு உள்ளே போனது. ஏழரை மணிக்குச் சற்று முன் இடது பக்கத்து உணரிகள் ஒவ்வொன்றாக மௌனமாயின. ரயர்களின் அமுக்க அளவீடுகளும் போயின. ஹூஸ்டனில் இருந்து அதுபற்றிச் சொன்னபோது ஹஸ்பண்ட் பதில் சொல்லத் தொடங்கினார். ஏழு இருபத்தொன்பதும் முப்பத்திரண்டு செக்கனும் ஆனபோது அவருடைய குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

முதலில் யாரும் பதறவில்லை. விண்ணோடம் சரிந்து திரும்பும்போது அதன் வால் செய்மதியை மறைத்துச் சில செக்கன்கள் தொடர்பு அறுவது வழமை. முந்திய காலத்துக் கலங்களைப்போல எரியும் காற்று முழுவதுமாக மூடிவிடுவதில்லை. விண்ணோடத்தின் முதுகுப் பக்கத்தால் செய்மதியோடு பேச முடியும். ஆகவே காத்திருந்தார்கள். பிறகு சார்லி ஹோபா என்ற விண்வெளி வீரர், அன்று தரையில் இருந்து பேசும் பொறுப்பில் இருந்தவர், கொலம்பியாவைக் கூப்பிடத் தொடங்கினார். பதில் இல்லை. யூ.எச்.எப்.புக்கு மாறிக் கூப்பிட்டார். கொஞ்சம் விட்டு மறுபடியும் கூப்பிட்டார்.

யூ.எச்.எப். நேர்கோட்டில்தான் போகும் என்று சொன்னேன். அறுபது கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் ஒன்றைத் தரையில் இருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றருக்குள் வந்தால்தான் கேட்க முடியும். புளோரிடாவில் இருந்த நிலையத்துக்கு டெக்சாஸ் அதைவிடத் தூரம். ஆகவே ஹோபா கூப்பிடத் தொடங்கியபோது, கலம் முழுசாக இருந்திருந்தாலும், அந்த வழியால் உடனே பதில் வந்திருக்காது. சில நிமிடங்கள் பொறுத்தால் அது அடிவானத்துக்கு மேலே வரும், குரல் கேட்கும் என்று நம்ப இடம் இருந்தது. அந்தச் சில நிமிடங்களும் போயின. ரேடார் எதையும் காணவில்லை. டெக்சாஸில் வீட்டு முற்றங்களில் நின்றவர்கள் வானத்தில் பல கோடுகளாகப் பிரிந்து எரிந்து போனதைக் கண்டுவிட்டார்கள்; தொலைக்காட்சியும் காட்டிவிட்டது. அந்தச் செய்தி கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து சேர்ந்த பிறகு, பயண இயக்குநர் லீரோய் கெயின் கதவுகளைப் பூட்டச் சொன்னார். ஒருவரும் வெளியே போகவோ வெளியே தொலைபேசியில் பேசவோ கூடாது, எல்லாத் தரவையும் சேமிக்கவேண்டும் என்பதற்கான நடைமுறை அது.

2009க்குப் பிறகு இந்தப் பகுதியை நான் வாசிக்கும் விதம் மாறிவிட்டது. மாமாவை நாங்கள் கடைசியாகக் கண்டது மாத்தளனில். வன்னியில் அப்போது தொலைபேசி இல்லை. செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆஸ்பத்திரிக் கப்பலில் போனவர்கள் கொண்டுபோன துண்டுகள், ஒவ்வொரு முகாம் கம்பிவேலியிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அம்மா எல்லா வழியும் பார்த்தார். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

*

மாமாவின் கேள்விக்கான விடையில் இன்னொரு பாதி இருக்கிறது. என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

நுரை அடித்ததை நாசா அடுத்த நாளே வீடியோவில் கண்டுவிட்டது. பொறியியலாளர்கள் சிலர், செட்டையைப் படமெடுக்க உளவுச் செய்மதிகளின் உதவியைக் கேட்கவேண்டும் என்று கோரினார்கள். மூன்று தடவை முயற்சி நடந்தது. மூன்றும் மேலே போகாமல் நின்றன. ஜனவரி 23இல் தரையில் இருந்து தளபதிக்கும் விமானிக்கும் ஒரு மின்னஞ்சல் போனது. நுரை அடித்தது உண்மை, ஆய்ந்து பார்த்தோம், திரும்பி வருவதற்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்பது அதன் சாரம். அதுகூட, செய்தியாளர்கள் கேட்டால் தெரிந்திருக்கட்டும் என்பதற்காக அனுப்பியது.

அந்தப் பதினாறு நாளும் எஸ்-பாண்ட் வேலை செய்தது. கே.யூ-பாண்ட் வேலை செய்தது. யூ.எச்.எப். இருந்தது. பட்டுப்புழு கூடு கட்டுவது தரைக்குப் படமாக வந்தது. சொல்லவேண்டிய ஒன்று மட்டும் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அட்மிரல் ஹரோல்ட் கெஹ்மன் தலைமையிலான விசாரணைச் சபை அதையும் ஆராய்ந்தது. ஆரம்பத்திலேயே சேதம் தெரிந்திருந்தால், கொலம்பியாவில் மின்சாரத்தையும் காற்றையும் மிச்சம்பிடித்துப் பெப்ரவரி நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்திருக்கலாம். அட்லாண்டிஸ் விண்ணோடத்தை அவசரமாகத் தயார்செய்து அனுப்பியிருக்கலாம். மிகவும் ஆபத்தான வேலை, ஆனால் நடக்கவே முடியாதது அல்ல. 2003 ஓகஸ்டில் வந்த அந்த அறிக்கை நுரையைக் குற்றஞ்சாட்டிய அதே அளவுக்கு நாசாவின் நிர்வாகப் பழக்கத்தையும் குற்றஞ்சாட்டியது. பல்கலைக்கழகத்தில் முதல் வருசத்தில் அனுப்புநர், ஊடகம், இரைச்சல், பெறுநர் என்று கரும்பலகையில் பெட்டி பெட்டியாகக் கீறித் தொடர்பாடல் படிப்பித்தார்கள். அனுப்புநர் பெட்டிக்குள்ளேயே செய்தி செத்துப்போவதற்கு அந்தப் படத்தில் இடம் இருக்கவில்லை.

*

கல்பனாவின் சாம்பல், அவர் விரும்பியபடி, யூட்டா மாநிலத்தின் சையன் தேசியப் பூங்காவில் தூவப்பட்டது. 2002இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவிய வானிலைச் செய்மதி ஒன்றுக்கு இந்தியா நான்கே நாட்களில் அவருடைய பெயரை வைத்தது. 2008 நவம்பரில் நிஷா புயல் வன்னியை மூழ்கடித்து, ஏற்கெனவே இடம்பெயர்ந்து கிடந்தவர்களை மறுபடியும் எழுப்பி ஓடவைத்தபோது, இந்திய வானிலைத் துறையின் சேவையில் இருந்த செய்மதிகளில் கல்பனா-1உம் ஒன்று.

தன் பழைய பாடசாலையை அவர் மறக்கவில்லை. 1998இல் இருந்து ஒவ்வொரு வருசமும் கர்னாலில் இருந்து இரண்டு மாணவிகளை நாசாவைப் பார்க்க வரவழைத்து, தன் வீட்டில் தன் கையால் சமைத்துக் கொடுத்தார்.

மாற்று ரேடியோவின் கதை அவரோடு முடியவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டின் கடைசியில் இருந்து ஹாம் ரேடியோ இருக்கிறது. முதல் வேலை பாடசாலைப் பிள்ளைகளோடு பேசுவது, தேவைப்பட்டால் கடைசித் துணை. 2023 ஜூலையில் ஹூஸ்டன் கட்டடத்தில் மின்சாரம் போய் நிலையத்தோடு தொடர்பு அறுந்தபோது, ரஷ்யர்களின் தொடர்பு வழியால் செய்தி சொன்னார்கள். 2025இல் அங்கே போன இந்தியரான சுபான்ஷு சுக்லாவும் மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசினார். மனிதரை ஏற்றப்போகும் ககன்யானுக்கு இந்தியா தனக்கென அஞ்சல் செய்மதிகளைத் திட்டமிட்டிருக்கிறது. கூடவே அவுஸ்திரேலியாவின் கொக்கோஸ் தீவிலும் ஒரு தரை நிலையத்துக்கு ஒழுங்குசெய்திருக்கிறது. தரையிலும் இதற்குச் சாட்சி உண்டு. 2004 ஆழிப்பேரலையில் தொலைபேசி எல்லாம் செத்தபோது அம்பாந்தோட்டையில் இருந்தும் அந்தமானில் இருந்தும் செய்தி வெளியே வந்தது ஹாம் வானொலிக்காரர்களின் சிற்றலையில்தான். எங்கள் முல்லைத்தீவுக் கரையில் அப்படி ஒருவரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. யுத்த காலத்தில் இங்கே பேசும் ரேடியோ வைத்திருப்பது பொழுதுபோக்காக இருக்க முடியாது.

கடந்த பெப்ரவரியில் நெடுங்கேணியில் ஒரு வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தது. மாமாவின் ரேடியோவையும் கொண்டுபோனேன். பின்பக்க மூடி இல்லை, ஏரியல் பாதியில் முறிந்தது. அம்மா அதை எறிய விடவில்லை. கதை முடிந்ததும் பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, செட்டையில் அடிபட்டதைக் கல்பனாவுக்கு ஏன் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று கேட்டாள். விசாரணை அறிக்கையில் இருப்பதைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான்.

பிறகு அவளே, இலங்கையில் அழைப்புக்குறி எடுக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைக்கும், சித்தியடைந்தால் 4 எஸ் என்று தொடங்கும் குறி தருவார்கள் என்றேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மணி அடித்தது. புளியங்குளம் போகும் பஸ்ஸைப் பிடிக்க நான் ரேடியோவைச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.